மூன்று தடவை வரவில்லை

"வரலைன்னு எழுதினது யாருய்யா?"

அந்த மனிதர் முதலில் கேட்டது இதுதானா, இல்லை மேசையைத் தட்டியது முதலிலா என்று இப்போது எனக்கு உறுதியாக நினைவில்லை. முன்னாள் படைவீரர் மருத்துவமனையின் மாடி, பதிவுப் பிரிவு. வரிசையில் நான் அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். பக்கத்தில் ஊன்றுகோலோடு ஒரு பெண்மணி. படையில் இருந்தவர் அவர், இது மனைவி என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

"கத்தாதீங்கண்ணே," என்றார் எழுத்தர். "இந்தம்மாவுக்கு மூணு தடவை தேதி குடுத்தாச்சு. மூணு தடவையும் பேரைக் கூப்பிட்டிருக்காங்க, ஆள் வரலை. அப்புறம் ஃபைலை மூடிடணும். ரூல் அது."

"வந்தேன்," என்றார் பெண்மணி. "மூணு நாளும் காலைல எட்டு மணிக்கே வந்து உக்காந்திருந்தேன். சாயங்காலம் கேட்டா, 'டாக்டர் போயாச்சு, அடுத்த தேதிக்கு வாங்க'ன்னாங்க."

"எங்க உக்காந்தீங்க?"

"கீழ, உறவினர் கூடத்துல."

"படைவீரர் கூடத்துலதானம்மா கூப்பிடுவாங்க! அங்க ஏன் போனீங்க?"

"போகச் சொன்னாங்க. போனேன்."

அந்த மனிதர் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"பதினாலு வருஷம் படையில லாரி ஓட்டினேன் தம்பி," என்றார் பெண்மணி. "குண்டு விழுந்த ரோட்டுல வண்டி கவுந்துதான் இடுப்பு போச்சு. அன்னைக்கு என்னை யாரும் உறவினர்னு சொல்லலை."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்த மனிதர் திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றுவிட்டது.

"ரெண்டு மாசத்துல ஆபரேஷன் பண்ணலைன்னா இவங்க எழுந்து நடக்கவே முடியாதாம்," என்றார் எழுத்தரிடம். "நீ உக்காந்து ரூல் படிக்கிற!"

"புதுசா மனு போடட்டும். ஒரு வருஷத்துல தேதி வந்துடும்."

"ஒரு வருஷம் கழிச்சு எதை ஆபரேஷன் பண்ணுவீங்க?" என்றார் பெண்மணி. "இந்தக் கோலையா?"

எழுத்தர் பேனாவை மூடி வைத்தார்.

"அங்கதான் உக்காந்திருந்தாங்கன்னு யாரு பார்த்தது? வாயால சொன்னா ஃபைல் திறக்காது."

"நான் பார்த்தேன்," என்றார் அந்த மனிதர்.

"எழுதிக் குடுப்பீங்களா?"

"பேப்பரைக் குடு."

எழுத்தரின் குரல் தாழ்ந்தது. "அண்ணே, உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு? யோசிச்சுக்குங்க."

"யோசிக்க வேண்டிய நாள்ல யாரு யோசிச்சாங்க? குடுய்யா பேப்பரை!"

நின்றபடியே, தாள் கிழிந்துவிடும்போல் அழுத்தி அழுத்தி எழுதினார். எழுதி முடித்ததும் தாளை எழுத்தர் பக்கம் தள்ளினார்.

மூன்றாம் வாரம் அறுவை சிகிச்சை நடந்தது. அந்தப் பெண்மணி இப்போது கோல் இல்லாமல் நடக்கிறார். எழுத்தர் அதே நாற்காலியில் இருக்கிறார். எழுதிக் கொடுத்தவருக்கு வேலை போயிற்று: மூன்று நாளும் கீழ்வாசலில் நின்றுகொண்டு, "பொம்பளைங்கல்லாம் அந்தப் பக்கம்" என்று அந்தப் பெண்மணியை உறவினர் கூடத்துக்கு அனுப்பிய காவலாளி அவர்தான்.