வெள்ளை ஷூ

"நாசமாப் போயிட்டானுவ" என்றான் வல்லிநாயகம்.

மேடையில் பாட்டு தொடங்கி அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

பக்கத்தில் நின்ற பரமசிவன் கடலையை உடைத்தபடி, "ஏம்லே, நல்லாத்தான வாசிக்காவ?" என்றான்.

"ஒனக்கு என்ன தெரியும்? இது பாட்டாலே? தொட்டில ஆட்டுத மாதிரில்லா இருக்கு."

எட்டு வருஷத்துக்கு முன்னால் 'தண்டர் ஃபால்ஸ்' என்று சொன்னாலே தென்காசியில் பாதிப் பேருக்குத் தலைவலி வரும், மீதிப் பேருக்குக் கோபம் வரும். ஹெவி மெட்டல். அகமது கபீரின் அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த கேசட்டைக் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டது. கிதாருக்குக் கபீர், டிரம்ஸுக்கு ஏசுதாசன், கூட இரண்டு பேர். சீசனுக்கு ஒரு தடவை குற்றாலத்தில் மேடை போடுவார்கள். அருவியில் குளித்துவிட்டு வந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு நடையைக் கட்டுவார்கள்.

முன்வரிசையை விட்டு நகராத ஒரே ஆள் வல்லிநாயகம்தான். ஜவுளிக்கடையில் துணி கிழிக்கிற உத்தியோகம். பாட்டில் ஒரு வார்த்தை புரியாது. ஆனால் ஏசுதாசனின் முதல் அடி விழுந்ததும், முதலாளி ஏசின ஏச்சு, தட்டித் தட்டிப்போன கல்யாணம் எல்லாம் மண்டையை விட்டு இறங்கிப்போகும். வருஷம் பூராவும் இந்த ஒரு சாயங்காலத்தை நினைத்துத்தான் அவன் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தான். வேறு என்ன இருந்தது அவனுக்கு?

அவர்களுக்குக் கறுப்புச் சட்டைத் துணி எடுத்துக் கொடுத்தது அவன். ஸ்பீக்கர் பெட்டியைத் தலையில் சுமந்துபோய், டிரம்ஸை ஒட்டி வைத்ததும் அவன்தான். "கிட்ட இருந்தாத்தாம்லே நெஞ்சுல இடிக்கும்" என்பான்.

இந்த எண்பத்தாறாம் வருஷத்து மேடையைப் பார்க்கவே சகிக்கவில்லை. இருட்டும் புகையுமாக இருந்த இடத்தில் கல்யாண வீடு மாதிரி டியூப்லைட். கபீர் காலில் கறுப்பு பூட்ஸ் போய், வெள்ளைவெளேரென்று ஷூ. பாட்டெல்லாம் அசமந்தம். அந்த ஏசுதாசனோ ஜனங்களுக்கு முகத்தையே காட்டாமல், கபீரைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருந்தான்.

"பரீட்ச எழுதுத மாதிரி உக்காந்திருக்கான் பாரு. இதுக்காலே லீவு சொல்லிட்டு வந்தேன்?"

வல்லிநாயகத்துக்கு அழுகையே வந்துவிட்டது. அதைக் கோபமாக மாற்றிக்கொண்டான். மேடைக்குச் சீட்டு எழுதி அனுப்பினால், கேட்ட பாட்டை வாசிப்பார்கள். சிகரெட் அட்டையைக் கிழித்து எழுதினான்.

'டிரம்ஸ் அடிக்கவன் செத்துட்டானா? பொணத்த எறக்கிட்டு வேற ஆளப் போடு. வல்லிநாயகம்.'

"பேரையுமாலே எழுதுவாவ?" என்றான் பரமசிவன்.

"தெரியட்டும்."

சீட்டு கைமாறிக் கைமாறி மேடைக்குப் போனது. கபீர் படித்தான். இரண்டாவது தடவையும் படித்தான். மடித்துப் பைக்குள் வைத்தான்.

என்ன என்று ஏசுதாசன் புருவத்தை உயர்த்தினான். கபீர் வல்லிநாயகம் நின்ற பக்கம் கையைக் காட்டி, ஒற்றை விரலை உயர்த்தினான். ஏசுதாசன் முகமெல்லாம் சிரிப்பாக, டிரம்ஸ் குச்சியை நெற்றியில் தொட்டு வல்லிநாயகத்துக்கு ஒரு சலாம் வைத்தான். உடனே, முடிந்த அதே பாட்டை மறுபடியும் தொடங்கினார்கள்.

"பாத்தியாலே திமிர? வேணுமின்னே அதையே வாசிக்கானுவ."

கச்சேரி முடிந்ததுதான் தாமதம், மேடைக்குப் பின்னால் போய்விட்டான். ஏசுதாசன் முதுகைக் காட்டி உட்கார்ந்து, டிரம்ஸை உறையில் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஏலே ஏசுதாசா, வெக்கமா இல்லையாலே ஒனக்கு? இதுக்கு நீ பீடி சுத்தப் போயிருக்கலாம்."

அவன் திரும்பவில்லை.

"ஒங்கிட்டத்தான பேசுதேன். திரும்பிக்கூடப் பாக்க மாட்டியோ?"

கபீர் ஓடிவந்து வல்லிநாயகத்தின் தோளைப் பிடித்தான்.

"விடு வல்லி. அவனுக்குக் கேக்காது."

"கேக்காம எப்படிப் போவும்? இந்தத் தூரத்துலயா?"

"எந்தத் தூரத்துலயும் கேக்காது. ரெண்டு வருசமா கொஞ்சங் கொஞ்சமா மங்கிச்சு. போன பங்குனியோட சுத்தமாப் போச்சு."

வல்லிநாயகம் நம்பாமல் பார்த்தான்.

"அப்ப எப்படி அடிக்கான்?"

கபீர் குனிந்து தன் காலைப் பார்த்தான். வெள்ளை ஷூவில் சாரல் சேறு தெறித்திருந்தது.

"நான் கால் தட்டுதத பாத்துத்தான். கறுப்பு பூட்ஸ் அவனுக்குத் தெரிய மாட்டேங்கு. லைட்டும் வேணும். வேகமாத் தட்டுனா விட்டுருதான், அதான் மெதுப் பாட்டு. டிரம்ஸ விட்டா அவனுக்கு வேற என்னலே இருக்கு?"

வல்லிநாயகம் ஏசுதாசனின் முதுகைப் பார்த்தான். "காது... எதனால?"

கபீர் ஷூவிலிருந்த சேற்றைத் தரையில் தேய்த்தான்.

"பாளையங்கோட்டை டாக்டர் சத்தத்தாலன்னாரு. பக்கத்துலயே ஸ்பீக்கர் இருந்துச்சான்னு கேட்டாரு. அத விடு, நீ என்ன, தெரிஞ்சா வச்ச?"

வல்லிநாயகம் பக்கத்திலிருந்த மூங்கிலைப் பிடித்துக்கொண்டான்.

அப்போதுதான் ஏசுதாசன் திரும்பினான். வல்லிநாயகத்தைக் கண்டதும் எழுந்துவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். தன் குரல் தனக்கே கேட்காததால் கத்திப் பேசினான்.

"வல்லி, ஒன்ஸ் மோர் கேட்டுச் சீட்டு அனுப்புனியாமே, கபீர் ஒத்த வெரலக் காட்டுனான். எல்லாவனும் எங்கள விட்டுப் போயிட்டானுவ. நீ ஒருத்தன்தாம்லே இன்னும் மொத வரிசைல நிக்கே."

வல்லிநாயகம் என்னென்னவோ சொல்ல வாயெடுத்தான். எதுவும் அவனுக்குக் கேட்கப்போவதில்லை.

கையை விடுவித்துக்கொண்டு, ஒற்றை விரலை உயர்த்திக் காட்டினான்.