மூங்கில் திரை

"வாராவாரம் இந்த ஜப்பான் நூடுல்ஸ் கடைக்கு வர்றீங்களே, அப்படி என்ன ருசி கண்டீங்க?" மனைவியின் குரல் கடை முழுக்கக் கேட்டது.

மேசைக்கு எதிரே மூங்கில் திரை. சமைப்பவர் முகம் தெரியாது. திரைக்கு அடியில் கிண்ணத்தை நீட்டும் கைகள் மட்டும்தான் தெரியும்.

"மூஞ்சியைக்கூடக் காட்ட மாட்டாங்களாக்கும். நல்ல கடை."

"இங்க அப்படித்தான். நீ பேசிட்டே இரு" என்றார் கணவர்.

வீட்டில் 'கொஞ்சம் வாயை மூடு' என்பவர் இப்படிச் சொன்னதும் அவளுக்குச் சந்தேகம் தட்டியது.

கிண்ணங்கள் வந்தன. அவருடையதில் வெங்காயத்தாள் பச்சைப்பசேலென்று மிதந்தது. அவளுடையதில் ஒரு துணுக்குகூட இல்லை.

"எனக்கு வெங்காயத்தாள் ஆகாதுன்னு சொன்னீங்களா?"

"நான் எதுவும் சொல்லல. உன் குரல் உள்ள கேட்டிருக்கும்."

அவளுடைய கிண்ணத்தை இன்னும் விடாமல் பிடித்திருந்த கையை அப்போதுதான் பார்த்தாள். கட்டைவிரல் ஓரத்தில், ஐந்து வயதில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு. கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போய், மூன்று வருடமாகப் பேசாத மகளின் கை.

அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஒரு வாய்கூடச் சாப்பிடாமலே சொன்னாள்:

"உப்பு பத்தலடி. வெளிய வந்து என்னன்னு பாரு."