ஜோக்குக்குத் தடை

"எல்லாம் என் ஜோக் பண்ற வேலை டாக்டர்!"

திறந்த வாயை மூட முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் மனைவி. தாடைக்கு அடியில் ஒரு துண்டு. பக்கத்தில் நின்ற பூட்டு ரிப்பேர்க்காரர் முகத்திலோ பரிசு வாங்க மேடை ஏறப்போகிற களை.

தாடை டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இது நாலாவது தடவை. மத்தியானம் சாப்பிட உட்காருவோம். நான் ஒரு ஜோக்கை எடுத்து விடுவேன். இவளுக்குத் தாடை கழண்டுக்கும். அப்படி ஒரு சிரிப்பு!"

"அப்படி என்ன ஜோக்?" என்று கேட்டுத் தொலைத்தாள் நர்ஸ்.

பூட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பூட்டு ரிப்பேர்க்காரன் வீட்டுக்குத் திருடன் வந்தானாம். கதவுல பூட்டே இல்லை. என்னய்யா, உன் வீட்டுக்கே பூட்டு இல்லையான்னு கேட்டானாம். ரிப்பேருக்குக் கொடுத்திருக்கேன்னானாம்!"

அவரே சிரித்தார். அவர் மட்டுமே சிரித்தார். நர்ஸ் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தாள்.

டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டு, இரண்டு கட்டைவிரலையும் கீழ்க் கடைவாய்ப் பற்கள் மேல் வைத்து அழுத்திப் பின்னால் தள்ளினார். 'களக்' என்றது. வாய் மூடியது.

"ஒவ்வொரு தடவையும் இப்படித் தள்ளிக்கிட்டே இருக்க முடியாதும்மா. கதவோட கீல் தளர்ந்துபோன மாதிரி ஆயிடுச்சு. உங்க கையிலேர்ந்தே கொஞ்சம் ரத்தம் எடுத்து, காதுக்கு முன்னாடி இருக்கற தாடை மூட்டுல ரெண்டு பக்கமும் ஊசி போட்டுடறேன். உள்ளே தழும்பு மாதிரி கட்டி இறுகிக்கும். கத்தி கிடையாது, தையல் கிடையாது. ரெண்டு வாரம் தாடையைத் தலையோட சேர்த்துக் கட்டியிருக்கணும். சூப்பும் மசிச்ச கிழங்கும்தான்."

"கீலா? இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்! நானே ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு..."

"நீங்க கொஞ்சம் வெளியில இருங்க."

கதவு சாத்தப்பட்டது. ரத்தம் எடுக்க நரம்பைத் தேடிய நர்ஸ், முழங்கை வரை ஒட்டியிருந்த மாவை முதலில் துடைக்க வேண்டியிருந்தது.

"பேக்கரியில மாவு பிசையற வேலை. ராத்திரி ரெண்டு மணிக்கே போயிடணும்" என்ற மனைவி, கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "டாக்டர், சிரிச்சுக் கழண்டுக்கலை. கொட்டாவி."

"கொட்டாவியா?"

"அவர் ஜோக்கை ஆரம்பிச்சாலே ஆவ்வுன்னு வந்துடுது. அவர்கிட்ட சொல்லிடாதீங்க. எம் பொண்டாட்டியைத் தாடை கழலச் சிரிக்க வெச்சேன்னு பார்க்கறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறார். பாவம், தெரிஞ்சா மனசு ஒடிஞ்சிடுவார்."

நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரித்து முடித்த பிறகுதான் ரத்தம் எடுக்க முடிந்தது. டாக்டரும் உதட்டைக் கடித்துக்கொண்டேதான் மரத்துப்போகிற மருந்தைக் கொடுத்து, ஊசியைப் போட்டுக் கட்டும் கட்டினார்.

மனைவி கேட்டுக்கொண்டபடி உண்மையைச் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்தத் தற்பெருமைக்காரரைச் சும்மா அனுப்பவும் டாக்டருக்கு மனம் வரவில்லை. மருந்துச் சீட்டில் கொட்டை எழுத்தில் எழுதி அவர் கையில் கொடுத்தார்: 'ஒரு மாதத்துக்கு ஜோக் கூடாது.'

பூட்டுக்காரர் முகம் தொங்கிப்போயிற்று. "ஒண்ணே ஒண்ணு?"

"மூச்!"

"சாப்பிடற நேரத்துல மட்டுமாவது டாக்டர்..."

"அந்த நேரத்துலதான் முக்கியமா கூடாது!"

இரண்டு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது டாக்டருக்கே பெருமை தாங்கவில்லை. வாய் அளவாகத் திறந்தது, அளவாக மூடியது. சத்தமில்லை, வலியில்லை. நர்ஸ் மனைவியை வெளியே கூட்டிப்போய் எடை பார்த்துவிட்டுத் தனியாக ஓடிவந்தாள்.

"டாக்டர், மூணு கிலோ குறைஞ்சிருக்காங்க!"

டாக்டருக்குப் பூட்டுக்காரர் மேல் வந்ததே கோபம். "என்ன மனுஷன் நீங்க? ஒரு சூப்பை வெச்சுக் குடிக்க வைக்கத் தெரியலை. வாய் மட்டும் கிழியுது!"

பூட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தார். மடித்து மடித்துக் கசங்கியிருந்தது. வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"அவளுக்கு வர்றது கொட்டாவிதான்னு எனக்குத் தெரியும் டாக்டர்."

டாக்டரின் வாய் திறந்தபடி நின்றது.

"என் ஜோக்குக்கு எனக்கே சிரிப்பு வராது. சும்மா சிரிச்சு வெப்பேன்."

"அப்புறம் எதுக்கு அதைச் சொல்லி அவங்க உயிரை வாங்கறீங்க?"

"ராத்திரி ரெண்டு மணியிலேர்ந்து நின்ன கால்ல மாவு பிசைஞ்சுட்டு வர்றா. தட்டுல கை வெச்சதுமே கண்ணு சொருகிடும். அப்படியே பட்டினியா சாஞ்சிடுவா. எழுப்பினாலும் எழுந்திரிக்க மாட்டா. ஜோக்குன்னு ஆரம்பிச்சா மட்டும், கேட்காம தூங்கிட்டா இவர் மனசு ஒடிஞ்சிடுவாரேன்னு கண்ணை முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பா. ஒரு ஜோக்குக்கு நாலு வாய் உள்ளே போயிடும் டாக்டர். நீங்க வேற கூடாதுன்னுட்டீங்க..."

டாக்டர் சீட்டை வாங்கி, பழையதை அடித்துவிட்டுக் கீழே எழுதினார்:

'ஜோக். தினமும் மூன்று. சாப்பாட்டுடன்.'