அப்ப வர்றேனுங்க

மாலை ஐந்து மணிக்குள் எம்.பி.ஏ. சான்றிதழைக் காட்டினால்தான் மேலாளர் வேலை என்று திருப்பூர் பனியன் கம்பெனி சொல்லிவிட்டது. நாற்பதே நாளில் இணையவழியில் படித்து முடித்த செண்பகவல்லி, கடைசி வாய்மொழித் தேர்விலும் தேறிவிட்டு, திரையிலிருந்த எந்திர ஆசிரியரிடம் மரியாதையாக, "அப்ப வர்றேனுங்க" என்றாள்.

"மறுபடி வருவதாகச் சொன்னீர்கள். முதல் நாள் வகுப்பில் சேர்த்தாயிற்று. பட்டம் நிறுத்திவைக்கப்பட்டது."

"கிளம்பறப்ப போறேன்னு எந்த வீட்டுல சொல்லுவாங்க? உனக்கெல்லாம் யாரு வாத்தியார் வேலை குடுத்தது?"

"ரத்துசெய்ய, 'போகிறேன், இனி வரமாட்டேன்' என்று மூன்று முறை உரக்கச் சொல்லவும்."

மணி நான்கு ஐம்பத்தைந்து. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று முறையும் சொன்னாள். உள்ளறையிலிருந்து கணவன் பதறி ஓடிவந்தான். "எங்க போற, வல்லி?"

திரையில் வந்து நின்ற பட்டத்தின் அடியில் எழுதியிருந்தது: நன்றி, மீண்டும் வருக.