மருதம்பட்டைக் கஷாயம்

அன்று எங்கள் வைத்தியசாலையில் இருந்தவர்கள் நான், என் தம்பி வைத்தியர் மாசிலாமணி, அவன் மனைவி வடிவு, நெஞ்சுப் படபடப்புக்கு மருந்து வாங்க வந்த சுடலைமுத்து. எங்கள் மருதம்பட்டைக் கஷாயம் இதயத்துக்கென்று மூன்று தலைமுறையாகப் பேர் பெற்றது. தம்பிக்கே இதயம் தாறுமாறாக அடிக்கத் தொடங்கியிருந்தது. ரத்தம் உறையாமலிருக்க டாக்டர் கொடுத்த மாத்திரை அட்டையை வடிவு நீட்டினாள்.

“கஷாயமும் குடிங்க, இதையும் முழுங்குங்க. அத்தான், நீங்களாவது சொல்லுங்களேன்” என்று என் பக்கம் திரும்பினாள்.

நான் சுடலைமுத்துவைப் பார்த்தேன். அட்டையை அவளிடமிருந்து வாங்கி மடியில் செருகிக்கொண்டேன்.

“ஆளு இருக்கையில என்ன பேச்சு? உள்ள போ” என்றான் தம்பி.

சுடலைமுத்து சிரித்தார். “வைத்தியரே, எங்க நாடிய நீரு பாக்கீரு. ஒம்ம நாடிய யாரு பாக்கா?”

தம்பி தன் வலது மணிக்கட்டைத் தானே பிடித்தான். மூன்று விரல்களும் அங்கே வெகுநேரம் எதையோ தேடின. “நல்லாத்தான் ஓடுது” என்று சொல்லிவிட்டு, எல்லோரும் பார்க்கக் கஷாயத்தைக் குடித்தான்.

மறுவாரம் அந்தக் கை விழுந்தது. வாயும் கோணியது. இப்போது வடிவு கஷாயத்தைக் கரண்டியால் ஊட்டுகிறாள், பாதி வழிந்துவிடுகிறது.

வைத்தியர் ஒளித்து ஒளித்து இங்கிலீஷ் மாத்திரை தின்றார் என்று ஊரில் பேசுகிறார்கள். அது பொய். ஒரு மாத்திரைகூட அவன் நாக்கில் பட்டதில்லை. அட்டை பிரிக்காமல் என்னிடம் இருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் வந்து பார்க்கலாம்.