மூன்று தடவை கேட்டால்

அர்தலான் கையை ஊன்றினான். கை தோள்வரை பனிக்குள் போனது. மற்றக் கையை ஊன்றினான். அதுவும் போனது.

தலை சரிவின் கீழ்ப்பக்கம். சறுக்குப் பலகை மாட்டிய கால்கள் மேல்பக்கம். ஷெம்ஷக் மலையில் அன்று இடுப்பளவு புதுப்பனி.

நேர் மேலே, மலையேற்றும் கம்பிவட நாற்காலிகள் நின்றுபோயிருந்தன. ஒன்றில் மைத்துனன் பெஹ்ராங், கையில் செல்போனோடு.

"அத்தான், கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க. முகம் சரியா விழல."

இவனிடம்தான் காலையில் அர்தலான், சறுக்குவதில் பத்து வருஷ அனுபவம் என்று அளந்திருந்தான். ராத்திரி மாமனார் வீட்டு விருந்தில் இந்த வீடியோதான் ஓடும்.

சறுக்கி வந்த ஒருவர் வேகத்தைக் குறைத்து, தூக்கிவிடட்டுமா என்றார். உங்களுக்கு எதற்குச் சிரமம், உங்கள் கை வலிக்கக் கூடாது என்றான் அர்தலான், தலைகீழாக. அவர் போய்விட்டார். அடுத்து வந்த இரண்டு பெண்களுக்கும் அதே உபசாரம். இரண்டு தடவை மறுத்துவிட்டு, மூன்றாவது தடவை வற்புறுத்தினால்தான் ஒப்புக்கொள்வது ஊர் மரியாதை. சரிவில் வருகிறவர்கள் எங்கே நின்று மூன்று தடவை கேட்பது?

"இவங்களையும் அனுப்பிட்டீங்களா? இனி பனி உருகினாத்தான் உங்களுக்கு விடிவு அத்தான்."

மனைவி கோல்நூஷ் வந்து நின்றாள். ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள்.

"நல்லாத்தான் படுத்திருக்கீங்க. தலையணை வேணுமா?"

பெஹ்ராங் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், இப்படியும் ஒரு பெண்டாட்டியா என்று முணுமுணுத்தாள்.

கிளம்பிய கோல்நூஷ் நாலடி தள்ளிச் சரிந்து, மார்பளவு புதைந்தாள்.

"அர்தலான், எனக்கு எந்திரிக்க வரல. பயமா இருக்கு."

அவன் யோசிக்கவில்லை. புரண்டு கால்களைக் கீழே கொண்டுவந்தான். பட்டைகளைக் கழற்றி, பலகையைப் பனிமேல் படுக்கப் போட்டு, அதில் இரண்டு கைகளையும் ஊன்றினான். பலகை புதையவில்லை. எழுந்துவிட்டான். அவளிடம் நீந்தாத குறையாகப் போய், பலகையை முன்னால் வைத்து, இதில் ஊன்று என்றான். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான்.

மேலே கைதட்டினார்கள்.

"அவ எப்படி இருந்தா என்ன, புருஷன் தங்கம்" என்றாள் அம்மாள்.

முதலில் எடுத்ததை அழித்துவிட்டதாகவும், ராத்திரி இதைத்தான் காட்டப்போவதாகவும் பெஹ்ராங் அறிவித்தான். நாற்காலிகள் நகர்ந்தன.

அர்தலான் பலகையை மறுபடி மாட்டி, முதுகை நிமிர்த்திக்கொண்டு முன்னால் இறங்கினான்.

கோல்நூஷ், விழுமுன் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி உள்பையில் வைத்திருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அவன் பின்னால் சறுக்கினாள்.