தொண்ணூறு நாள் பேசாத மெஷின்

போன் அலறிய அலறலில் தோசைக் கரண்டி கைநழுவிக் கீழே விழுந்தது. ஸ்வப்னா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிப் போய் எடுத்தாள். மாலை மணி சரியாக ஏழு.

“ஒரு மெஷின் தொண்ணூறு நாளா சர்வரோட பேசவே இல்ல. என்ன செய்வீங்க?”

ஹலோகூடக் கிடையாது. பகவதிப்பெருமாள் சார் எப்போதும் இப்படித்தான்.

“இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம் சாரே.”

“தப்பு.”

“அதை வச்சிருக்கிற ஆளு லீவுல போயிருந்தா?”

“தொண்ணூறு நாள் லீவு எந்தக் கம்பெனியில தருதாங்க? சொல்லுங்க, நானும் போய்ச் சேருதேன்.” அவர் சிரித்தார். “லிஸ்ட்லேருந்து எடுத்துரணும். அவ்வளவுதான். அது மெஷின் ஸ்வப்னா, கோவிச்சுக்கிட்டுப் போன நாத்தனார் இல்ல.”

ஸ்வப்னாவுக்கும் சிரிப்பு வந்தது. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவள் நாலு மாதமாகத் தப்பாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. பிரிண்டர் ஓடவில்லை, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று வருகிற புகார்களைக் கேட்பது. மொத்த ஆஸ்பத்திரியின் முந்நூறு மெஷின்களையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து மேய்க்கும் பதவிக்கு உயர வேண்டுமென்றால், சிஸ்டம்ஸ் மேனேஜ்மென்ட் சர்டிஃபிகேட் தேர்வில் ஆயிரத்துக்கு எழுநூறு வாங்க வேண்டும்.

தேர்வுக்குப் படிப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் எண்பது பேர் இருந்தார்கள். முதல் மாதம் முடிவதற்குள் ‘குட் மார்னிங்’ படங்களைத் தவிர எல்லாம் நின்றுபோனது. மிஞ்சியது இரண்டே பேர். கரமனையில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கும் ஸ்வப்னா. பொன்முடி மலையடிவாரத்து வித்துராவில் ஓர் எஸ்டேட் அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பகவதிப்பெருமாள். அவர் மனைவி இறந்து ஆறு வருடமாகிறது. இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை; தினமும் மாலை ஏழு மணிக்குப் போனில் சேர்ந்து படிப்பதோடு சரி.

ஐப்பசியில் அவர் முதலில் எழுதினார். தேர்வு முடிந்ததுமே கூப்பிட்டு, “போச்சு ஸ்வப்னா, பன்னெண்டு மார்க்குல” என்றார். அன்று மாலையும் ஏழு மணிக்குப் போன் வந்தது.

“எல்லாப் பதிலும் உங்க நாக்கு நுனியில இருக்கு. அப்புறம் எப்படி சாரே தோத்தீங்க?” என்று இன்றும் கேட்டாள்.

“ஹால்ல ஏசி போட்டுருதான். குளிருல எல்லாம் மறந்துபோவுது.”

“பொன்முடி அடிவாரத்துல இருக்கறவருக்கு ஏசி குளிருதா?”

“அது வேற குளிரு.” பேச்சை மாற்றினார். “நாளைக்கு நீங்க பாஸாயிருவீங்க. அப்புறம் ஏழு மணிக்கு நிம்மதியா சீரியல் பாக்கலாம்.”

“நீங்க?”

“நான் தனியாப் படிச்சுக்கிடுவேன். பாஸானவங்களைத் தொந்தரவு பண்ணக்கூடாதுல்லா?”

போனை வைத்த பிறகு ஸ்வப்னா அழைப்புகளின் பட்டியலைத் தள்ளிப் பார்த்தாள். பெருமாள் சார், பெருமாள் சார், கேஸ் சிலிண்டர்க்காரர், மறுபடி பெருமாள் சார். பெங்களூரில் இருக்கும் அண்ணன் பெயர் வர வெகுதூரம் தள்ள வேண்டியிருந்தது. நாளை மறுநாள் ஏழு மணிக்கு இந்த வீட்டில் என்ன சத்தம் கேட்கும் என்று யோசித்தாள். ஃப்ரிட்ஜ் சத்தம்தான்.

மறுநாள் பஸ்ஸில் போகும்போது, பெண்கள் தெருவிலேயே பொங்கல் வைக்கும் பொங்காலைத் திருவிழாவுக்காக வழி நெடுக செங்கல்லும் மண்பானையும் குவித்து வைத்திருந்தார்கள். தம்பானூரில் மூன்றாவது மாடியில் தேர்வு மையம். வாசல் மேஜையில் எலிசாள் என்ற பாறசாலைக்காரி இருந்தாள். பையை வாங்கிப் பூட்டுவதும், முடிவு அச்சாகி வந்ததும் சீல் வைத்துக் கொடுப்பதும் அவள் வேலை.

“வாட்சு, மோதிரம், கர்ச்சீப்பு எல்லாம் இங்க வையி மக்ளே. பயப்படாத. தண்ணி வேணுமா?”

முப்பத்தோராவது கேள்வியாக அது வந்தது. தொண்ணூறு நாளாகத் தொடர்பில்லாத ஒரு மெஷின். ஸ்வப்னாவின் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது. பிறகு ஒன்றை அழுத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

இரண்டு மணி நேரம் கழித்து எலிசாள் நீட்டிய தாளையும் போனையும் வாங்கிக்கொண்டு சன்னலோரம் போனாள். இரண்டு முறை படித்தாள். நான்காக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு, போனை எடுத்தாள்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். “சொல்லுங்க.”

“போச்சு சாரே. அறுநூத்தித் தொண்ணூறு.”



“அடடா” என்றார். உடனே கொஞ்சம் வேகமாக, “அதுக்கென்ன, இன்னைக்கே ஆரம்பிப்போம். முதல் பாடத்துலேருந்து. ஏழு மணிக்கு, கேட்டீங்களா?”

“செரி சாரே.”

திரும்பினாள். அவளுடைய பையைக் கையில் வைத்துக்கொண்டு எலிசாள் பின்னாலேயே நின்றிருந்தாள்.

“எழுநூத்தி எண்பதுன்னு சீல் வச்சுத் தந்தவ நான்லா மக்ளே? அப்போ அந்த ஸ்வப்னா நீதானா? ஐப்பசியில வித்துராவுலேருந்து வந்த ஒரு சாரும் எண்ணூத்தி நாப்பது வாங்கிட்டு, இதே சன்னல்ல நின்னுதான் ‘போச்சு ஸ்வப்னா’ன்னு போன் போட்டாரு.”